பண்பாட்டுப் பின்னணி

கிங்ஸ்பரி
4.12.2023

அன்புள்ள றூபன் அண்ணை,

இன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பு அதற்குப் பின்னால் வரட்டும்.

காலையில் டொக்டர் ஹார்கிறீவ் புதிய பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் மனநிலையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவர் அவர். ஒலிப்பதிவில் அவர் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது நான். நீங்கள் “ரைப் அடிக்கிற வேலை” என்று பகிடி பண்ணுவது இதைத்தான். பட்டியலில் ஐந்தாவது பெயர் உங்களுடையது. நவம்பர் இரண்டாம் திகதி, கல்லறைத் தோட்டத்தில் ஊழியர் ஒருவரைத் தள்ளி விழுத்திக் கடுங்காயம் விளைவித்தவர், குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார், தண்டனைக்கு முன் மனநல அறிக்கை தேவை. மூன்று வரிகளில் நீங்கள் முடிந்துபோயிருந்தீர்கள்.

“இவர் உங்கள் ஊர்ப் பக்கமா?” என்று டொக்டர் கேட்டார்.

“பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது” என்றேன்.

இவர் என் பெரியம்மாவின் மகன், எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறிக்கை வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கும். நீங்கள் இன்னும் இரண்டு மூன்று மாதம் மறியலில், சிறைக்குள், காத்திருக்க வேண்டி வரும். பிறகு முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வருவார். டொக்டர் ஹார்கிறீவை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். நிதானமானவர், நிறைய வாசிக்கிறவர். உங்கள் அறிக்கை வரும்போது அதை மட்டும் மற்றப் பிள்ளையிடம் தட்டச்சு செய்யக் கொடுத்துவிடுவேன், கை வலிக்கிறது என்று சொல்லி.

கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லும்படி உங்கள் வழக்கைப் பார்க்கிற சோலிசிட்டர் உங்களிடம் சொன்னதாகப் பெரியம்மா சொன்னார். அண்ணை, அப்படிச் செய்யாதீர்கள். சுருக்கமாகப் பேசுகிறவர்களைப் பற்றி “எதையோ மறைக்கிறார்” என்று எழுதுவார்கள். அதை நானே பல தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். மனம் திறந்து கதையுங்கள்.

இருமல் குறைந்துவிட்டதா? போர்வை போதுமா? மனோர் பார்க்கில் பெரியம்மா தனியாக இருக்கிறார் என்று யோசிக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் நான் போய் நிற்கிறேன்.

உங்கள் தங்கை,
கிளறிற்றா


கிழக்கு லண்டன் மறியல்
16.12.2023

அன்புத் தங்கை கிளறிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்க. என்னை இங்கே இவர்கள் காக்கிறார்கள், இரும்புக் கதவு போட்டு.

உன் கடிதம் ஒன்பது நாள் கழித்துக் கையில் கிடைத்தது. தமிழ்க் கடிதமென்றால் யாரோ பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். கொண்டுவந்த அதிகாரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எழுத்தா, பின்னல் வேலையா?” என்று கேட்டார். நல்ல மனுசன்தான்.

இருமல் போய்விட்டது. சாப்பாடு பருப்பு மாதிரி ஒன்று. பருப்பு என்று சொல்லிப் பருப்பைக் கேவலப்படுத்த மாட்டேன்.

என் அறையில் இருப்பவர் டெரி, டகன்ஹாம்காரர், வயது அறுபத்திரண்டு. அவருடைய நாயைப் புதைத்த இடத்தின் மேல் பக்கத்து வீட்டுக்காரன் காரை ஏற்றி நிற்பாட்டினானாம். மண்வெட்டியால் அடித்து அவனுடைய தோள் எலும்பை உடைத்துவிட்டார். விளக்கு அணைத்த பிறகு, “குட்நைட், பெஸ்” என்று செத்த நாயோடு கதைப்பார். நான் பவுலினோடு கதைப்பேன். ஒருவரை ஒருவர் குழப்புவதில்லை. நேற்று என்னிடம், “உன்ரை மனிசி திருப்பி ஏதும் சொல்லுறவவோ?” என்று கேட்டார். “உயிரோடை இருக்கேக்கையே நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாதவ, இப்பவோ சொல்லப் போறா?” என்றேன். கட்டில் ஆடச் சிரித்தார்.

நான் தள்ளிய அந்த மனுசனைப் பற்றிச் சோலிசிட்டரிடம் கேட்டேன். நடக்கிறாராம், ஒரு காது இன்னும் கேளாதாம். கல்லறையில் நான் ஏற்றிய மெழுகுதிரியை அவர் காலால் தட்டினார், நான் தள்ளினேன், தலை கல்லில் பட்டது. நான் செய்தது பிழை. அதற்கு எவ்வளவு காலம் தந்தாலும் இருப்பேன். ஆனால் அந்த டொக்டரிடம் என்ன கதைப்பது? அம்மா, “வாயைத் திறவாதை, அவங்கள் எழுதுறதுக்கு நீ ஏன் பேனை குடுக்கிறாய்?” என்கிறா. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

ஆனால் நீ படித்த பிள்ளை. அந்த மனுசனின் குரலை நாலு வருடம் காதுக்குள் வைத்திருக்கிறாய். நீ சொன்னால் சொல்கிறேன். திரும்ப ஒருமுறை யோசித்து எழுது.

அன்பு அண்ணன்,
றூபன்


கிங்ஸ்பரி
23.12.2023

அன்புள்ள அண்ணை,

இது கிடைக்கும்போது நத்தார்ப் பண்டிகை முடிந்திருக்கும். பிந்திய வாழ்த்தையும் வாழ்த்தாக ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு குறையுமில்லை.

யோசித்தேன். யோசித்தும் அதையேதான் எழுதுகிறேன்: சொல்லுங்கள். முன்பின் தெரியாத அந்த ஆங்கிலப் பெண்ணின் கல்லறையை ஏன் ஒன்பது வருடமாகக் கழுவினீர்கள், ஏன் அங்கே மெழுகுதிரி ஏற்றினீர்கள் என்று எல்லாம் சொல்லுங்கள். எனக்குக்கூட நீங்கள் முழுதாகச் சொன்னதில்லை. காரணம் தெரியாத ஒருவர் உங்களைப் பார்த்தால் பயப்படுவார். காரணம் தெரிந்தால் பயப்பட மாட்டார். டொக்டர் ஹார்கிறீவ் காரணம் தேடுகிறவர்.

பெரியம்மாவிடம் போன செவ்வாய் ஒரு நேர்ஸ் வந்து உங்களைப் பற்றி விசாரித்தாவாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர். பெரியம்மா என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார்: “என்ரை பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெண்சாதியை ஷெல்லடியிலை குடுத்தவன், அடக்கம் பண்ண ஒரு பிடி மண் கிடைக்காதவன். அது துக்கம். துக்கத்துக்கு உங்களிட்டை குளுசை, மருந்து ஏதும் இருக்கோ?” நேர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாவாம்.

பெரியம்மா சொன்னது உண்மை. அவ்வளவு நேராக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாம் சரியாகவே நடக்கிறது.

கிளறிற்றா


கிழக்கு லண்டன் மறியல்
18.1.2024

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் சுகத்தை மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் டொக்டர் வந்தார். காலையில் டெரியைப் பார்த்தார், மத்தியானம் என்னை. கை தந்தார். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நீ சொன்னது சரி, மரியாதையான மனுசன். மொழிபெயர்ப்பாளரும் இருந்தார், ஆனால் முக்கால்வாசியை நானே என் இங்கிலீஷில் சொன்னேன்.

ஈடித்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். ஊரில் எங்கள் சேமக்காலையின் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கும். இறந்தவர்களின் நாளில், நவம்பர் இரண்டாம் திகதி, எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். கடலில் போனவர்கள், வேறு நாட்டில் செத்தவர்கள், உடல் கிடைக்காதவர்கள், அவர்களுக்கு அந்தச் சிலுவையடியில் ஏற்றுவோம். கல்லறை இல்லாதவர்களின் கல்லறை அது. இங்கே அந்தத் தோட்டத்திலும் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது, பட்டாளத்துக்காரருக்கு வைத்தது. பட்டாளத்தின் சிலுவையடியில் பவுலினுக்குத் திரி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே யாரும் வராத ஒரு கல்லறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஈடித் மார்கரெட், 1931. பாசி பிடித்துக் கிடந்தது. இடத்தை இரவல் வாங்கினால் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டாமா? அதனால் கழுவினேன்.

“அந்தக் கல்லறையில் உங்கள் மனைவி இருப்பதாக உணர்கிறீர்களா?” என்று கேட்டார். “அங்கே இருப்பது ஈடித். பவுலின் இலங்கையில், வட்டுவாகலுக்கு இந்தப் பக்கம், றோட்டுக் கரையில். ஒரு சீலையால் மூடிவிட்டு நடந்தேன்” என்றேன்.

“ஆனால் அங்கே நின்று அவரோடு பேசுவீர்கள்?”

“ஓம். பேசுவேன்.”

“இந்த அறையிலும்?”

“ஓம்.”

கிளறி, பதினாலு வருடமாக அந்தச் சீலையைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் சொன்னதில்லை. சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. டொக்டர் போகும்போது, “வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி” என்றார். உனக்குத்தான் அந்த நன்றி சேர வேண்டும்.

சோலிசிட்டரின் கணக்கில் பதினெட்டு மாதம். பாதி இருந்தால் போதும். ஆகஸ்ட் மாதம் வீட்டில் நிற்பேன்.

அண்ணன்,
றூபன்


கிங்ஸ்பரி
12.2.2024

அன்புள்ள அண்ணை,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் கொஞ்சம் கூட.

சோலிசிட்டர் அனுப்பிய அறிக்கையைப் பெரியம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். மறியலைவிட மருத்துவமனை உங்களுக்கு நல்லது என்று டொக்டர் எழுதியிருக்கிறார். இன்னும் ஒரு டொக்டர் வந்து பார்ப்பார். அவரும் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

வேலை அதிகம். இத்தோடு நிறுத்துகிறேன்.

கிளறிற்றா


கிழக்கு லண்டன் மறியல்
26.2.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம் கேட்டு எழுதிய உன் கடிதத்தில் நீ இருக்கவில்லை. ஆகவே உன் சுகத்தை நான் அதிகமாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது டொக்டர் வந்தார். முதலாவது அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் கதைத்தார். அதில் இருந்ததையே கேட்டார், நான் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். தானும் அதே முடிவுக்கு வந்திருக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை சோலிசிட்டர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து அறிக்கை முழுவதையும் வாசித்தார். நான் ஒரு மாயநம்பிக்கைக்காரன். அந்நியப் பெண்ணின் கல்லறையைப் பவுலினுடையது என்று நம்புகிறேன். அல்ல என்று நான் சொன்னது, நம்பிக்கையை மூடி மறைக்கச் சொல்லும் விளக்கம். சிலுவைக் கதை, பட்டாளக் கதை, எல்லாம் அந்த விளக்கத்துக்குள் போய்விட்டன. இறந்தவளின் குரல் எனக்குக் கேட்கிறது என்றும் இருக்கிறது. நான் கதைக்கிறேன் என்றேனே தவிரக் கேட்கிறது என்று சொல்லவில்லை. அந்தக் கல்லறையை யாரும் தொட்டால் மறுபடியும் ஆபத்து விளைவிப்பேன். மருத்துவமனை உத்தரவுக்கு முடிவுத் திகதி போட மாட்டார்கள் என்று சோலிசிட்டர் சொன்னார். “எவ்வளவு காலம்?” என்று கேட்டேன். கடதாசிகளை அடுக்கினார்.

டெரி வியாழக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டார். அதே டொக்டர், அதே நாள். அவருக்கு எழுதியது துக்கமும் குடியும். வாரம் ஒருமுறை யாரையோ போய்ப் பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான். போகும்போது என் கையைப் பிடித்து, “நான் நாயோடை கதைச்சவன், மச்சான். நீ மனிசியோடைதானே கதைச்சனி?” என்றார். மச்சான் என்ற சொல்லை நான்தான் பழக்கியது.

இன்னொன்று. என் அறிக்கையில் ஒரு பந்தி இருக்கிறது. தலைப்பு, பண்பாட்டுப் பின்னணி. மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்: “இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் மனநோயை மறைப்பது வழக்கம். ஒரு குடும்பத்தில், பின்னறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த தந்தையைப் பற்றி, அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றே வீட்டுக்கு வருவோரிடம் பல மாதங்கள் சொல்லப்பட்டது. ஆகவே, நோய் இல்லை என்று உறவினர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது.” அதற்கு அடுத்த வரியில் அம்மாவை எழுதியிருக்கிறார்கள். மகனுக்கு வருத்தம் இல்லை என்று தாய் உறுதியாகச் சொன்னது இந்தப் பின்னணியில் பார்க்கப்பட வேண்டும்.

கிளறி, பேசாலையில் பின்னறையில் இருந்தது சித்தப்பா. உன் அப்பா. வந்தவர்களுக்குக் கடல் கதை சொன்னது உன் அம்மா. இது வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்?

றூபன்


கிழக்கு லண்டன் மறியல்
19.3.2024

கிளறி,

மூன்று வாரமாகிறது. தபால் பிந்துகிறதோ, நீ பிந்துகிறாயோ தெரியவில்லை.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னா. அதுபோதும் என்று எழுத ஆசை. போதாது.

றூபன்


கிங்ஸ்பரி
31.3.2024, உயிர்த்த ஞாயிறு

அண்ணை,

சுகம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்தப் பந்தியை எழுதியது நான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு வந்தது. பெயர் எழுத மாட்டேன். அவருக்கு உண்மையாகவே கடும் நோய். வீட்டில் எல்லோரும், “ஒன்றுமில்லை, பிள்ளை களைத்துப்போனான்” என்றே சொன்னார்கள். டொக்டர் ஹார்கிறீவ் குழம்பிப்போய், “உங்கள் சமூகத்தைப் பற்றி எனக்கு ஏதாவது விளங்கப்படுத்த முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். நான்கு மாதத் தட்டச்சுக்காரியாக இருந்தவளை ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. வீட்டுக்கு வந்து அரைப் பக்கம் எழுதினேன். அப்பாவைப் பற்றி எழுதினேன். அது அந்த இளைஞருக்கு உதவியது. மறியலுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனார், தேறினார். என் வசனங்களில் ஒரு காற்புள்ளியைக்கூட டொக்டர் மாற்றவில்லை. அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது எழுதக் கூசுகிறது.

அதன் பிறகு அந்தப் பந்தி கணினியில் தங்கிவிட்டது. தமிழ்ப் பெயர் வந்தால், “வழக்கமான பந்தியைப் போடவும்” என்று ஒலிப்பதிவில் சொல்வார். நானே போட்டிருக்கிறேன்; அது உங்களுக்கும் வரும் என்று யோசிக்கவே இல்லை. ஜமேக்கர்களுக்கு ஒரு பந்தி இருக்கிறது, சோமாலியருக்கு ஒன்று. ஆங்கிலேயர்களுக்கு இல்லை. அவர்களுடைய அறிக்கை என்றால் அந்தத் தலைப்பையே அழித்துவிட வேண்டும்; அதுதான் அலுவலக முறை. டெரியைப் பற்றி எதுவும் எழுத எனக்கு அனுமதி இல்லை. அந்தத் தலைப்பு எத்தனை நூறு தடவை என் விரலால் அழிக்கப்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். அழிக்கும்போது ஒன்றும் யோசிக்கவில்லை, அண்ணை. ஆங்கிலேயர் துக்கப்பட்டால் அவர் துக்கப்படுகிறார், அவ்வளவுதான். எங்களில் ஒருவர் துக்கப்பட்டால் அதற்கு முன்னால் ஒரு பந்தி வருகிறது.

பந்தியின் கடைசி வசனத்தை டொக்டர்தான் சேர்த்தார் என்று எழுத மூன்று முறை முயன்று மூன்று கடிதத்தைக் கிழித்தேன். அதுவும் என்னுடையதுதான்.

புதன்கிழமை சோலிசிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை டொக்டரிடம். நான் உங்கள் உறவு என்பதை மறைத்ததுதான் அவரை அதிகம் நோகச் செய்தது. பந்தியை நீக்கச் சொன்னேன். “நீங்கள் எழுதியதில் எது பொய்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எதுவும் பொய்யில்லை என்றேன். “அப்படியானால் எதை நீக்குவது?” என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் நான் சாட்சி சொல்கிறேன். சோலிசிட்டர் ஒப்புக்கொண்டார். மருத்துவமனை உத்தரவு வேண்டாம், செய்த குற்றத்துக்கு உரிய தண்டனை போதும் என்று கேட்பார்கள். தண்டனை கிடைக்க வேண்டுமென்று இவ்வளவு ஆசைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள்.

கிளறிற்றா


கிழக்கு லண்டன் மறியல்
14.4.2024

கிளறிக்கு,

நித்திரை கொள்கிறாயா? சாப்பிடுகிறாயா? வேலையில்லாமல் அறைக்குள் கிடந்து புத்தகத்தையே தின்றுகொண்டிருக்காதே.

கோபம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நானும் கடலுக்குப் போனவனாகிவிடுவேன். அம்மாவின் சொல்லுக்கு மேல் உன் எழுத்தை நம்பினேனே என்று என்மேலும் கோபம்.

சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான்தான், உனக்கு ஞாபகம் இருக்காது. கதவைத் தட்டினால், “றூபன், இண்டைக்கு என்ன மீன்?” என்று கேட்பார். சூடை என்றால், “அதை உன்ரை கொப்பருக்குக் குடு” என்பார். ஒருநாளும் யாருக்கும் கை ஓங்கியதில்லை. வாசலில் நின்று பொய் சொல்லிவிட்டு உன் அம்மா குசினிக்குள் போய் அழுவா. இதையெல்லாம் நீ எழுதவில்லை. அரைப் பக்கத்துக்குள் இடம் காணாமல் போயிருக்கும்.

சாட்சிக் கூட்டில் அழாதே. ஒன்றை மட்டும் சொல்லிவிடு. றூபனுக்கு யாருடைய கல்லறை அது என்று தெரியும் என்று சொல்லு. அதை அவர்கள் நம்பினால் மற்ற எல்லாம் விழும்.

றூபன்


கிங்ஸ்பரி
24.5.2024

அன்புள்ள அண்ணை,

நேற்று வீடியோத் திரையில் மெலிந்து தெரிந்தீர்கள். இரண்டு மூன்று தடவை தொடர்பு அறுந்தது என்று சோலிசிட்டர் சொன்னார், நான் சாட்சி சொன்ன நேரமும் அதில் போய்விட்டதாம். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லச் சொன்னதை முதலில் சொன்னேன். ஈடித் மார்கரெட்டின் பெயரையும் ஆண்டையும் சொன்னேன். சேமக்காலைச் சிலுவையைப் பற்றிச் சொன்னேன். நீதிபதி தலையை நிமிர்த்திக் கேட்டார், இரண்டு இடத்தில் குறித்தும் கொண்டார். இப்போது நம்புகிறார் என்று நினைத்தேன். பிறகு அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். இளம் பெண். என் வயதுதான் இருக்கும்.

“இந்தப் பந்தி நீங்கள் எழுதியதா?”

“ஆம்.”

“இதில் உண்மையில்லாதது ஏதும் உண்டா?”

“இல்லை. ஆனால் அது என் அப்பாவைப் பற்றியது. அண்ணனைப் பற்றியதல்ல.”

“உங்கள் குடும்பத்தில் நோய் மறைக்கப்பட்டது.”

“அப்பாவின் நோய். ஆம்.”

“குற்றவாளி உங்களுக்கு உறவு என்பதை டிசம்பரில் நீங்கள் மறைத்தீர்கள்.”

“ஆம்.”

“அவருக்கு நோய் எதுவும் இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள். உறவினராக.”

“ஆம்.”

“கடைசி வசனத்தை நீதிமன்றத்துக்கு வாசித்துக் காட்டுங்கள்.”

வாசித்தேன். “ஆகவே, நோய் இல்லை என்று உறவினர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது.”

“நன்றி. வேறு கேள்வி இல்லை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நீதிபதி பேனையை மூடி வைத்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு டொக்டர் ஹார்கிறீவ் சாட்சி சொன்னார். பந்தியை எடுத்துவிட்டாலும் தன் முடிவு மாறாது என்றார். உங்களைப் பற்றி மரியாதையாகவே பேசினார். புதிய டொக்டர் ஒருவரிடம் அறிக்கை எடுக்க அவகாசம் வேண்டுமென்று எங்கள் தரப்பு கேட்டது. இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போயிருக்கும்போது அதற்குத் தேவையில்லை என்று நீதிபதி மறுத்தார். காலவரையறை இல்லாத மருத்துவமனை உத்தரவு என்று வாசித்துவிட்டு, திரையைப் பார்த்து, “இது தண்டனை அல்ல, சிகிச்சை” என்று உங்களுக்குச் சொன்னார். அது உங்களுக்குக் கேட்டதா?

வெளியே படியில் பெரியம்மா என் கையை விடவில்லை. “தண்டனை இல்லையெண்டால், பிள்ளை, எப்ப வருவான் எண்டு ஏன் சொல்லீனமில்லை?” என்று கேட்டார். கள்ளனுக்கும் திகதி போடுகிறார்களே என்றார். பஸ் வரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் இடம் கிடைக்கும்வரை உங்களை அங்கேயே வைத்திருப்பார்கள். நான் எழுதிக்கொண்டே இருப்பேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கிளறிற்றா


இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஜூன் பத்தாம் திகதி றூபன் அண்ணையை லண்டனுக்கு வெளியே ஒரு பாதுகாப்பு மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். டிசம்பரில் மனநல வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம் அவருடைய விடுதலை மனுவை நிராகரித்தது. தனக்கு நோய் இல்லை என்று அவர் தொடர்ந்து சொல்வது, நோய் குறையவில்லை என்பதற்குச் சான்றாகப் பதிவாகியிருந்தது. அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.